அச்சில் தவறிய காசா, அடிபட்ட காசா?

கும்பகோணத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு வெள்ளிக் கடை. கொலுசும் குங்குமச் சிமிழும் விற்கிற இடம்தான். ஆனால் நான் பழங்காசு சேர்ப்பவன் என்று தெருவுக்கே தெரிந்துவிட்டதால், சில நாள் கொலுசு கேட்டு வருபவர்களைவிட, பர்ஸிலிருந்து ஒரு காசை எடுத்து நீட்டி "அண்ணே, இது பல லட்சம் போகுமாமே?" என்று கேட்பவர்கள் அதிகம். வாட்ஸாப்பில் யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். நீட்டுகிற காசுகளில் முக்கால்வாசி தேய்ந்ததாகவோ நசுங்கியதாகவோ இருக்கும். மிச்சத்தில் பலவற்றில் ஒரு குறையும் இருக்காது. எப்போதாவது ஒன்றுதான் உண்மையிலேயே நாணயச் சாலையில் தவறிப் பிறந்ததாக வந்து சேரும். அந்த ஒன்றைப் பிரித்தெடுப்பது எப்படி, அதற்கு என்ன விலை கேட்கலாம் என்பதை எழுதுகிறேன். நம் கையில் புரளும் இந்தியக் காசுகளைப் பற்றித்தான் முக்கியமாகப் பேச்சு.

எந்தக் காசு வந்தாலும் நான் முதலில் யோசிப்பது இதைத்தான்: இந்தக் குறை நாணயச் சாலையில் எந்த இடத்தில், எந்த எந்திரத்தில் நடந்திருக்கும்? அதற்குப் பதில் சொல்ல முடிந்தால் அது அச்சுப் பிழை. சொல்ல முடியாவிட்டால், பார்க்க எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும், அது வெளியே வந்தபின் அடிபட்ட காசு. சேகரிப்பவர் யாரும் அதற்கு முகமதிப்புக்கு மேல் தர மாட்டார்.

ஆகவே காசு எப்படிப் பிறக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். உலோகத் தகட்டுச் சுருளிலிருந்து வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டுவார்கள். அவற்றைச் சூடேற்றி மிருதுவாக்கிக் கழுவி, விளிம்பை மட்டும் உருட்டி அழுத்தி லேசாக மேடாக்குவார்கள். அப்புறம் வில்லை அச்சு எந்திரத்துக்குப் போகும். அங்கே கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, சுற்றி காலர் என்கிற ஒரு வளையம். மேலச்சு ஒரே அடியாக இறங்கும்போது இரண்டு பக்கமும் விளிம்பும் சேர்ந்து உருவாகிவிடும். மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா நான்கிலும் இதே வேலைதான். பிழையும் வில்லையில், அச்சில், அடி விழும் கணத்தில் என்று இந்த மூன்றில் ஏதோ ஓரிடத்தில்தான் விழும். எங்கே விழுந்தது என்பதை வைத்தே விலையும் அமையும். அதைப் பிறகு சொல்கிறேன்.

கையில் என்ன வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று. நகைக்கடைத் தராசு மில்லிகிராம் வரை காட்டும். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை, இரண்டு தசம ஸ்தானம் காட்டும் பாக்கெட் தராசு போதும். ஒரு காந்தம், விட்டம் அளக்க ஒரு வெர்னியர், பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஒரு கோணமானி. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, அதே வருடத்து அதே ரகத்து நல்ல காசு ஒன்று. பக்கத்தில் அதை வைக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

எடைகளை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. 1992 முதல் வந்த ஸ்டீல் ஒரு ரூபாய் 4.85 கிராம், விட்டம் 25 மில்லிமீட்டர். 2011 முதல் வந்த, ரூபாய்ச் சின்னம் போட்ட சின்ன ஒரு ரூபாய் 3.79 கிராம், 22 மில்லிமீட்டர். அதே வரிசையில் இரண்டு ரூபாய் 4.85 கிராம், ஐந்து ரூபாய் 6 கிராம், பத்து ரூபாய் 7.71 கிராம். பழைய கனமான செம்பு-நிக்கல் ஐந்து ரூபாய் 9 கிராம். இந்திய வரைபடம் போட்ட பதினொரு மூலை இரண்டு ரூபாய் 6 கிராம். புழங்கிய காசில் எடை கொஞ்சம் முன்பின் இருக்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஸ்டீல் காந்தத்தில் ஒட்டும். செம்பு-நிக்கலும் நிக்கல்-பித்தளையும் ஒட்டாது. 1947இல் வந்த புலி போட்ட ஒரு ரூபாய் சுத்த நிக்கல் என்பதால் அதுவும் ஒட்டும். "பழைய காசு காந்தத்தில் ஒட்டினால் போலி" என்று யாராவது சொன்னால் அந்தப் புலியைக் காட்டுங்கள்.

வெளிச்சம் தலைக்கு மேலே வேண்டாம். மேஜை விளக்கைக் கிட்டத்தட்ட காசின் மட்டத்துக்கே சாய்த்து வைத்துப் பாருங்கள். மேடு எது, பள்ளம் எது என்று அப்போதுதான் நிழல் காட்டிக்கொடுக்கும்.

மேடும் பள்ளமும்

புதிதாகப் பார்ப்பவருக்கு ஒரே ஒரு விதி சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்வேன். அச்சில் ஏற்படும் விரிசல், உடைசல், கீறல் எல்லாம் அச்சுக்குப் பள்ளம்; அந்தப் பள்ளத்துக்குள் உலோகம் போய் நிரம்பிவிடும். ஆகவே காசில் அது மேடாகத்தான் தெரியும். காசில் கோடு பள்ளமாக ஓடினால், யாரோ எதையோ வைத்துக் கீறியது. விதிவிலக்குகள் உண்டு, இருந்தாலும் என் மேஜைக்கு வரும் காசுகளில் பாதியை இந்த ஒரு விதியே திருப்பி அனுப்பிவிடும்.

மேடாக, மயிரிழைபோல் எழுத்துகளுக்குக் குறுக்கே ஓடினால் அது அச்சு விரிசல். விளிம்பை ஒட்டி ஓர் எழுத்தையோ கதிரையோ விழுங்கிவிட்டு உருவமில்லாத ஒரு கட்டியாக நின்றால், அச்சின் ஓரமே உடைந்து விழுந்திருக்கிறது. சேகரிப்பவர்கள் இதை 'கட்' (cud) என்பார்கள். விரிசல் சாதாரணம், கட் கொஞ்சம் அபூர்வம். அசோகச் சிங்கத்தைச் சுற்றிய வெறும் பரப்பில் மறுபக்கத்து எழுத்துகள் இடவலம் மாறிய நிழலாகத் தெரிந்தால், நடுவில் வில்லை இல்லாமல் இரண்டு அச்சும் மோதிக்கொண்டதன் தழும்பு அது.

எழுத்தோ எண்ணோ காணாமல் போன காசுகளும் வரும். அச்சின் பள்ளத்தில் கிரீஸும் தூசியும் அடைத்துக்கொண்டால் அந்த இடம் காசில் எழும்பாது. அப்படிப்பட்ட இடம் வழவழப்பாக, சுற்றியுள்ள பரப்பின் அதே பளபளப்போடு, மெல்ல மெல்ல மங்கி முடியும். சுரண்டி எடுத்த இடத்தில் லூப் வைத்தால் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள் தெரிந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நொய்டா காசுக்கு வருடத்தின் கீழே ஒரு புள்ளி அடையாளம். கொல்கத்தா காசுக்கு அடையாளமே கிடையாது. நொய்டாவின் புள்ளி அடைத்துப்போனால் அந்தக் காசு கொல்கத்தா வேஷத்தில் வெளியே வந்துவிடும். அதற்காக "புள்ளி விட்டுப்போன எரர்" என்று சொல்லி ஒரு கொல்கத்தா காசை உங்களிடம் விற்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒன்று வந்தால் வாங்காமல் விடுங்கள், ஒன்றும் நஷ்டமில்லை.

எழுத்து இரட்டையாகத் தெரிகிறது என்று கொண்டுவருவதும் அடிக்கடி நடக்கும். இரண்டாவது கோடு தட்டையாக, படிக்கட்டுபோல் எழுத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்தால், அடித்த கணத்தில் அச்சு அதிர்ந்து நழுவியது. நம் ஸ்டீல் காசுகளில் இது மலிந்து கிடக்கிறது, தனி விலை இல்லை.

திரும்பிய அச்சு

புதியவர்கள் ஆரம்பிக்க நல்ல இடம் இது, கருவியே வேண்டாம். சிங்கம் நிமிர்ந்திருக்கும்படி காசை மேலும் கீழுமாக இரு விரலால் பிடியுங்கள். பக்கவாட்டில், கதவைத் திறப்பதுபோல், அப்படியே திருப்புங்கள். நம் குடியரசுக் காசுகளில் மறுபக்கமும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் ஓர் அச்சு தன் இடத்தில் சுழன்றுவிட்டது; இதை ரொட்டேஷன் என்போம். பத்து, பதினைந்து பாகை சாய்வை யாரும் மதிக்க மாட்டார்கள். தொண்ணூறு பாகை என்றால் கைமாறும். முழுக்கத் தலைகீழாக, நூற்றெண்பது பாகை என்றால் இன்னும் நல்லது. கோணமானியால் அளந்து எழுதி வையுங்கள், விற்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.

இரண்டு காசுகளைப் பாதியாக அறுத்து ஒட்டி ரொட்டேஷன் செய்பவர்களும் உண்டு. விளிம்பைச் சுற்றி லூப் வைத்து ஒட்டுக் கோட்டைத் தேடுங்கள், எடை பாருங்கள், மேஜையில் போட்டு ஓசை கேளுங்கள். ஒட்டுக் காசு கணீரென்று பேசாது.

கடித்தெடுத்ததுபோல் ஒரு பிறை

கிளிப் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பூரி மாவைப் பரப்பி டம்ளரால் வட்டம் வட்டமாக வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டின ஓட்டையின் மேல் டம்ளர் கொஞ்சம் ஏறிவிட்டால் அந்தப் பூரியில் ஒரு பிறை குறையும் இல்லையா, அதேதான். தகடு சரியாக நகராததால் வில்லையே குறைப்பட்டுப் பிறந்தது. பிறகு அதையே அச்சில் வைத்து அடித்துவிட்டார்கள்.

ஆனால் அரம் ஒன்று இருந்தால் யாரும் ஒரு கிளிப் செய்துவிடலாம். ஆகவே இதைக் கிட்டத்தில் பார்ப்போம். என்னிடம் உள்ள ஸ்டீல் ஒரு ரூபாய் ஒன்றில், எண் பக்கத்தை நிமிர்த்திப் பிடித்தால், கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் இடத்தில் பிறை. முதலில் பிறையின் ஓரத்தைப் பார்க்கிறேன். அந்தப் பக்கத்துத் தானியக் கதிர் பிறையை நெருங்க நெருங்கத் தட்டையாகி, காலியிடத்தை நோக்கி இழுபட்டதுபோல் மங்குகிறது. அடி விழும்போது உலோகம் வெறுமையைப் பார்த்து ஓடியிருக்கிறது. அரத்தால் வெட்டியிருந்தால் கதிர் முழு உயரத்தோடு வந்து கத்தரித்தாற்போல் நின்றிருக்கும். அடுத்து, பிறைக்கு நேர் எதிரே, பத்து மணி இருக்கும் இடத்துக்குப் போகிறேன். அங்கே விளிம்பு மேடு சன்னமாகி, ஓரிடத்தில் கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது. விளிம்பை உருட்டும் எந்திரத்தில் வில்லை இரு பக்கமும் நெருக்கப்பட வேண்டும். ஒரு பக்கம் பிறை இருந்தால் நெருக்க ஆள் இல்லை, எனவே எதிர்ப்பக்கத்தில் மேடு எழுவதில்லை. இதற்கு பிளேக்ஸ்லி விளைவு என்று பெயர். மிகச் சின்ன கிளிப்பில் இது தெளிவாகத் தெரியாமல் போகலாம். பெரிய கிளிப்பில் இது இல்லை என்றால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். அரம் வைத்திருப்பவருக்கு எதிர்ப்பக்க விளிம்பைப் பற்றி யோசனையே வராது.

நகர்ந்த அடி, லக்கி, வெறும் வில்லை

வில்லை காலருக்குள் சரியாக அமராமல் ஓரமாக நிற்கும்போது அடி விழுந்தால் படம் ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்கம் வெறும் பிறையாக நிற்கும். இது ஆஃப் சென்டர். காலர் பிடிக்காததால் காசு வட்டம் கெட்டுக் கொஞ்சம் நீண்டிருக்கும். இரண்டு பக்கமும் ஒதுங்கியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒதுங்கி, காசு நல்ல வட்டமாக இருந்தால் அச்சு சற்றுத் தள்ளிப் பொருத்தப்பட்டது, அவ்வளவுதான். அதற்கு மதிப்பு குறைவு. ஆஃப் சென்டரில் எத்தனை பங்கு நகர்ந்தது என்பதும், வருடம் தெரிகிறதா என்பதும் விலையைத் தீர்மானிக்கும். பாதிக்குப் பாதி நகர்ந்து, வருடமும் நாணயச் சாலைக் குறியும் முழுதாகத் தெரிந்தால் ஆள் தேடி வருவார்கள்.

லக்கி இன்னும் அழகு. அடித்த காசு கீழே விழாமல் மேலச்சிலேயே ஒட்டிக்கொண்டது என்று வையுங்கள். அடுத்த வில்லை வந்து அமர்கிறது. அதன் கீழ்ப்பக்கம் வழக்கம்போல் படம் விழுகிறது. மேல்பக்கம் ஒட்டியிருக்கும் காசின் முகமே அழுந்துகிறது. கிடைப்பது, இரு பக்கமும் சிங்கமே உள்ள காசு. ஒரு பக்கம் மேடாக, மறுபக்கம் குழிந்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி. ஆங்கிலத்தில் உள்ள இந்தியா என்ற சொல்லைப் பாருங்கள். அதில் ஐ, ஏ இரண்டும் கண்ணாடியிலும் மாறாது. என், டி இரண்டும் திரும்பியிருக்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். குழிந்த படம் மையத்தில் கூர்மையாக இருந்தால் ஒட்டிக்கொண்டவுடன் அடித்த முதல் காசு. ஒட்டிய காசு அடிமேல் அடி வாங்கிப் பரவப் பரவ, அடுத்தடுத்த காசுகளில் படமும் விரிந்து குழம்பிக்கொண்டே போகும்.

போலி லக்கியை இரண்டு காசுகளைச் சேர்த்து வைஸில் இறுக்கியோ பிரஸ்ஸில் அமுக்கியோ செய்வார்கள். கண்டுபிடிப்பது அப்படி ஒன்றும் கடினமில்லை. ஏற்கெனவே அடித்த காசின் மேல் அமுக்கியதால், குழிந்த எழுத்துகளுக்கு இடையில் பழைய படத்தின் மிச்சம் நசுங்கிக் கிடக்கும். மறுபக்கமும் தட்டையாகி மினுங்கும். காலர் இல்லாமல் அமுக்கியதால் காசு பரந்து, வெர்னியரில் விட்டம் கூடுதலாகக் காட்டும். உண்மையான லக்கியின் மறுபக்கம் கடைக்குப் புதிதாக வந்த காசுபோல் தெளிவாக இருக்கும், விட்டமும் அநேகமாகச் சரியாக இருக்கும்.

எதுவும் அச்சாகாத வெறும் வில்லையும் பையில் வந்துவிடுவது உண்டு. விளிம்பு மேடான வில்லை என்றால் அச்சுக்கு முந்தைய படி வரை போனது, மேடில்லாதது வெட்டியவுடனே தப்பியது. இரண்டாவதில் நான் கையே வைப்பதில்லை. வாஷர் பட்டறையில் வெட்டின வட்டத்துக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். சாணை பிடித்து வழித்த காசு எடையில் மாட்டிக்கொள்ளும்.

வேறு காசின் வில்லையில் அடித்தது என்று சொன்னால் தராசும் வெர்னியரும்தான் சாட்சி. ஐந்து ரூபாய் அச்சில், காந்தத்தில் ஒட்டும் 22 மில்லிமீட்டர் ஸ்டீல் வில்லை என்றால் அது பெரிய பிடிப்பு. ஆனால் 1992 வரிசை ஸ்டீல் ஒரு ரூபாய்க்கும் 2011 வரிசை இரண்டு ரூபாய்க்கும் வில்லை ஒன்றேதான், அதே எடை, அதே விட்டம். அங்கே வில்லை மாறினாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை!

பத்து ரூபாயின் நடுவட்டம்

2005 முதல் அடிக்கும் பத்து ரூபாய் இரட்டை உலோகம். வளையமும் நடுவட்டமும் தனித்தனி வில்லைகள். ஒரே அடியில்தான் இரண்டும் இறுகிப் படமும் விழுகிறது. இதை மறக்காமல் இருந்தால் பாதி மோசடி அடிபட்டுப்போகும். சிங்கம் நிமிர்ந்திருக்க, வளையத்து எழுத்துகள் மட்டும் சுற்றி நகர்ந்திருக்கும் காசைக் கொண்டுவந்து "எரர்" என்பார்கள். ஒரே அடியில் விழுந்த படம் அப்படித் தனித்தனியாக நகராது. யாரோ நடுவட்டத்தைத் தட்டி எடுத்துத் திருப்பிச் செருகியிருக்கிறார்கள். இணைப்பைச் சுற்றி லூப் வைத்தால் தட்டிய காயம் தெரியும். உண்மையான பிழையில் வளையத்தின் ஓட்டையே மையம் தவறி வெட்டப்பட்டிருக்கும், நடுவட்டம் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். ஆனால் படம் அதைப் பொருட்படுத்தாமல், இரண்டு உலோகத்துக்கும் குறுக்கே, இருக்க வேண்டிய இடத்திலேயே ஒழுங்காக விழுந்திருக்கும்.

பத்து ரூபாயில் பதினைந்து கோடு இருந்தால் போலி, பத்துக் கோடு இருந்தால் அசல் என்ற வதந்தி நம் ஊர் டீக்கடைகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. கோடு எண்ணிக்கை வேறுபட்டால் அது போலியும் இல்லை, பிழையும் இல்லை.

பிழை மாதிரி இருக்கும், பிழை கிடையாது

வருடத்தின் கீழே வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். 1985 ஒரு ரூபாயில் எச் என்று இருந்தால் அது பர்மிங்ஹாமில் அடித்து வந்தது. இவை எல்லாம் பிறந்த ஊர்ப் பெயர்கள். ஒரே வருடத்தில் ரூபாய்ச் சின்னம் உள்ளதும் இல்லாததும் கிடைப்பது வடிவம் மாறிய காலத்து விஷயம்.

எங்கள் பக்கம் அடிக்கடி வருவது இன்னொன்று. ஆற்று மணலில் கிடைத்த சோழர் செப்புக்காசையோ நாயக்கர் காசையோ கொண்டுவந்து, படம் பாதிதான் இருக்கிறது, எரர் என்பார்கள். அவை கையால் அடித்த காசுகள். வில்லை சிறிது, அச்சு பெரிது. படம் முழுதாக விழுந்தால்தான் அதிசயம். எந்திரக் காசுக்குரிய அளவுகோலை அங்கே கொண்டுபோகக் கூடாது. மாறாக 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா எந்திரக் காசு. அதில் ஓட்டை மையம் தவறியிருந்தால் நின்று பார்க்கலாம்.

தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது, ஆசிட்டில் போட்டு எடை குறைத்தது, தங்க முலாம் பூசியது, கயிறு கோக்கத் துளைத்தது, சுத்தியலால் விளிம்பை மடித்தது, அடுப்பில் விழுந்து கொப்பளித்தது, இவற்றுக்கெல்லாம் விளக்கம் தேவையில்லை.

சரி, எவ்வளவு?

நாணயச் சாலையில் எந்தப் படியில் பிழை விழுந்தது என்று பார்க்கச் சொன்னேன் இல்லையா, இங்கேதான் அது உதவும். அச்சில் குறை இருந்தால், அதைக் கவனித்து மாற்றும்வரை அடித்த காசுகள் எல்லாவற்றிலும் அதே குறை இருக்கும். ஆயிரக்கணக்கானவர் கையில் அது உண்டு. ஆகவே விரிசல், அடைப்பு, சின்ன ரொட்டேஷன் எல்லாம் மலிவு. அடியில் தவறியது பெரும்பாலும் ஒற்றைக் காசு. அந்த ஆஃப் சென்டரைப் போலவே இன்னொன்று கிடையாது. விலை ஏறுவது இங்கேதான். வில்லைப் பிழைகள் நடுவில் நிற்கும்.

நான் வாங்கி விற்கும் அளவில் சொன்னால், சாதாரண ஸ்டீல் காசில் அச்சு விரிசலுக்குச் சில பத்து ரூபாய். நல்ல ரொட்டேஷனுக்கும் கண்ணுக்குத் தெரியும் கிளிப்புக்கும் சில நூறு. தெளிவான லக்கியும் வருடம் தெரியும் பெரிய ஆஃப் சென்டரும் ஆயிரத்தை ஒட்டியோ தாண்டியோ போகும். லட்சம் என்ற சொல் இந்தப் பேச்சில் வரவே வராது. ஒரே வகைப் பிழையிலும் தேய்மானம் இல்லாத காசு, பெரிய மதிப்புள்ள காசு, சில வருடமே வந்த வடிவம் என்றால் கூடும். தூரத்திலிருந்தே தெரிகிற பிழைக்கு எப்போதும் ஒரு படி அதிகம் கிடைக்கும். லூப் வைத்து விளக்க வேண்டியிருக்கும் பிழைக்கு, விளக்கம் கேட்கப் பொறுமையுள்ள ஆளைத் தேட வேண்டும்.

விலை தெரிந்துகொள்ள விற்பனைத் தளங்களில் போட்டிருக்கும் தொகையைப் பார்க்காதீர்கள். அது ஒருவர் ஆசைப்படும் தொகை, அவ்வளவே. மும்பையின் டோடிவாலா, பெங்களூரின் மருதர் ஆர்ட்ஸ் போன்ற ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலைகளை வெளியிடுகின்றன. அதே வகைப் பிழை, அதே ரகக் காசு எந்த விலையில் முடிந்தது என்று சிலவற்றைச் சேர்த்துப் பாருங்கள். விலை போகாமல் நின்றவற்றையும் பாருங்கள், அவையும் சேதி சொல்லும். அந்தத் தொகையிலிருந்து கமிஷன் கழியும் என்பதையும், வியாபாரி ஒருவர் வாங்கினால் தன் லாபத்துக்கு இடம் விட்டு அதில் பாதியை ஒட்டித்தான் தருவார் என்பதையும் நினைவில் வையுங்கள். நானும் அப்படித்தான் தருகிறேன். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, அந்தக் காசு என் பெட்டியில் எத்தனை நாள் தூங்குமோ.

முன்பணம் கேட்பவர்களிடம் மட்டும் பேச்சே வேண்டாம். "உங்கள் காசுக்குப் பத்து லட்சம், பதிவுக் கட்டணமும் வரியும் முதலில் கட்டுங்கள்" என்பது பழைய வித்தை. ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டே இது நடந்ததால், பழைய நாணய, நோட்டு வியாபாரத்துக்கு யாரையும் கட்டணம் வசூலிக்க அனுமதிக்கவில்லை என்று 2021 ஆகஸ்டில் வங்கியே எச்சரித்தது. 2012இல் வந்த வைஷ்ணவ தேவி காசை வைத்து ஓடும் வீடியோக்களும் இந்த ரகம்தான். அந்தக் காசு பிழையும் இல்லை, அபூர்வமும் இல்லை.

வைத்திருப்பதும் தேடுவதும்

புளி, பல்பொடி, விபூதி எதையும் போட்டு விளக்காதீர்கள். வெள்ளி விளக்குகிற கையால் சொல்கிறேன், பளபளப்பாக்கிய காசைப் பார்த்தவுடனே வாங்குபவர் விலையைக் குறைப்பார். அதோடு உண்மைப் பிழைக்குச் சாட்சியாக இருந்த அசல் பரப்பும் போய்விடும். விளிம்பில் பிடித்துத் தூக்குங்கள். மெத்தென்ற பிவிசி உறைகள் நாளடைவில் காசில் பச்சைப் பிசுக்கை ஏற்றும். அட்டை ஹோல்டர் நல்லது. அதன் மேலேயே எடை, விட்டம், ரொட்டேஷன் என்றால் எத்தனை பாகை, எங்கே எப்போது கிடைத்தது என்று பென்சிலால் எழுதிவிடுங்கள்.

நூறு வருடம் தாண்டிய காசு என்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. இணையத்தில் வெளிநாட்டுக்காரர் நல்ல விலை சொன்னாலும் தபாலில் போட்டுவிடாதீர்கள்.

தேடுவதற்கு, புழங்கித் தேய்ந்த காசைவிட வங்கியில் பிரிக்காமல் வரும் புதுக் காசுப் பைதான் நல்ல இடம். லக்கியும் ஆஃப் சென்டரும் கடைத்தெருவுக்கு வந்தால் முதல் ஆளே எடுத்துக்கொள்வார். தெரிந்த மளிகைக் கடைக்காரர் சில்லறைக்குப் பை எடுக்கும்போது, பிரித்துக் கொட்டி எண்ணும் வேலையை நீங்கள் செய்து தருவதாகச் சொல்லுங்கள். எண்ணும்போதே ஒவ்வொன்றையும் ஒரு முறை கதவு திருப்புவதுபோல் திருப்பிவிடலாம். எடுத்துக்கொள்ளும் காசுக்குப் பதில் காசை அங்கேயே வைத்துவிடுங்கள். பிழைக் காசு கிடைத்தால் அவரிடம் காட்டிச் சொல்லிவிட்டே எடுங்கள். அடுத்த பைக்கும் அவர் உங்களைத்தான் கூப்பிடுவார்.